ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம்

எங்கள் சங்கக் கூட்டத்தில் பெங்களூருக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்ததும் எல்லாருடைய கண்களும் என் பக்கம் திரும்பின. “உன் நாடுதானே” என்றார் தலைவர். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். பாதி ஆயுளுக்கு மேல் வாழ்ந்துவிட்டது நோர்வேயில், பேர்கன் நகரத்தில். பெங்களூரை வரைபடத்தில்கூட உற்றுப் பார்த்ததில்லை. இதை விளக்க நான் வாயெடுப்பதற்குள் அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், ஒரு தபால்காரர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நான். குளிர்காலச் சனிக்கிழமைகளில் வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுட்டு விற்போம். எங்களைப் போன்ற சின்னச் சங்கங்கள் வெளிநாட்டில் ஏதாவது செய்ய முன்வந்தால் செலவில் பெரும்பங்கை நோர்வே அரசு தரும். மிச்சத்தை நாங்கள் திரட்ட வேண்டும். அப்படித்தான் பெங்களூரில் ஜீவனஹள்ளி என்ற பகுதியில், வேலைக்குப் போகும் தாய்மாருக்காக ஒரு குழந்தைகள் காப்பகம் நடக்கிறது. அங்கே அதைப் பார்த்துக்கொள்வது ஸ்டெல்லா என்பவரின் சிறிய அறக்கட்டளை. நிதிக்கு இது கடைசி வருடம். மேலும் நீட்டிக்கலாமா என்று பார்க்க அரசுத் தரப்பிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். அவருக்குத் துணையாக, மொழி தெரிந்தவளாக, நான்.

மொழி விஷயம் விமான நிலையத்திலேயே தெரிந்துவிட்டது. வாடகைக் காரோட்டி கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். இந்தியில் கேட்டார். அதற்கும் விழித்தேன். “எனக்குத் தமிழ்தான் தெரியும் தம்பி, கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ” என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“கேரளாவா மேடம்?”

“இல்லை, இலங்கை. இருக்கிறது நோர்வே.”

“நம்ம வீட்ல தமிழ்தான். ஆனா நீங்க பேசறது சினிமால வர்ற மாதிரி இருக்கு” என்றவர், எந்தச் சினிமா என்று சொல்லவில்லை. அடுத்து வந்த நெரிசலில் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாவகாசமாக ஒரு ஆரஞ்சை உரித்து முடித்தார். எனக்கும் இரண்டு சுளை கிடைத்தது. பேர்கனில் பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தால் பலகையில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினால் வேறு வேலை நடக்காது என்று பிறகு புரிந்துகொண்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லாவின் வீட்டு மாடியறையில் தங்கினேன். ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் கைபேசியோடுதான் எந்த வேலையையும் செய்வார். கணவர் அந்தோணி வங்கியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு சமையலறையைக் கைப்பற்றியவர். அன்றைக்குப் பருப்பும் சோறும் மிளகு தூக்கலான மாட்டிறைச்சி வறுவலும் வைத்தார். நாடு விட்டு நாடு வந்த களைப்பு இரண்டாவது கவளத்தில் போய்விட்டது. ஸ்டெல்லா சாப்பிடவில்லை; பேசிக்கொண்டேயிருந்தார்.

“அக்கா, அவங்க நல்லா எழுதினா இன்னும் மூணு வருஷம் கெடைக்கும்ல? கெடைக்கலன்னா நான் இந்தப் பொம்பளைங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“சாப்பிடுங்கோ முதல்ல” என்றேன்.

மறுநாள் காலை அந்தோணி ஒரு சிற்றுண்டிக் கடைக்கு அழைத்துப்போனார். பலகையில் ‘சௌ சௌ பாத்’ என்றிருந்தது. எங்கள் ஊரில் சௌ சௌ என்பது கொடியில் காய்க்கும் மரக்கறி. அதைப் போட்ட சோறு என்று நம்பி வாங்கினேன். தட்டில் ஒரு பக்கம் உப்புமா, இன்னொரு பக்கம் நெய் வழியும் கேசரி. “இதில் சௌ சௌ எங்கே?” என்று கேட்டேன். பரிமாறியவர் அந்தோணியைப் பரிதாபமாகப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அந்தோணி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறான்.” கேசரியை முதலில் முடித்தேன். மரக்கறி இல்லாததில் வருத்தமில்லை.

காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணியாக இன்னும் நேரமிருந்தது. கதவு பூட்டியிருந்தது. படிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் கைக்குழந்தைகளும் தவழும் குழந்தைகளும்; அவர்களை மடியில் வைத்திருந்தவர்களும் பிள்ளைகள்தான். பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி, இடுப்பில் தம்பியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். பெயர் திவ்யா. மூன்றாம் வகுப்பு.

“பள்ளிக்கூடம் எத்தினை மணிக்கு?” என்று கேட்டேன்.

“எட்டரைக்கு ஆன்ட்டி.”

“இப்ப எட்டே முக்காலாச்சே?”

“தெனமும் லேட்டுதான்” என்றாள், ஏதோ தன் உயரத்தைச் சொல்வது போல.

ஆயா நாகம்மா வந்து பூட்டைத் திறந்ததும் திவ்யா தம்பியை அவர் கையில் திணித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மற்ற பிள்ளைகளும் ஓடினார்கள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் எங்கோ பார்த்தார்.

விஷயம் இதுதான். இந்தத் தாய்மார் அடுக்குமாடி வீடுகளில் கூட்டிப் பெருக்குகிறார்கள், தெருக் கூட்டுகிறார்கள். காலை ஐந்தரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். காப்பகம் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஏனென்றால் திட்டத்தை எழுதியவர் பேர்கனில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவருக்குத் தெரிந்த நேரத்தை எழுதினார். அது அங்கீகாரமாகிவிட்டது. மாற்றக் கேட்டு நாங்கள் இரண்டு முறை ஓஸ்லோவில் உள்ள நிதி அலுவலகத்துக்கு எழுதினோம். அங்கீகரித்த திட்டத்தில் மாற்றங்களை மதிப்பீட்டுக்குப் பிறகே பரிசீலிக்க முடியும் என்று இரண்டு முறையும் பதில் வந்தது. இதையெல்லாம் பேர்கனில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து படித்தபோது ஒரு சின்னச் சிக்கலாகத்தான் தெரிந்தது.

மதியத்துக்குமேல் திவ்யாவின் அம்மா கவிதா வந்தார். ஒல்லியான உடம்பு, ஈரம் காயாத புடவைக் கரை. காலை வீடுகளுக்கும் மாலை வீடுகளுக்கும் நடுவில் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். ஸ்டெல்லா என்னை அறிமுகப்படுத்தியதுதான் தாமதம்.

“நீங்கதான் நார்வே மேடமா? ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. ஒம்போது மணிக்கு யாரு மேடம் வேலைக்குப் போறாங்க? ஆபீசருங்க போவாங்க. அவங்க கொழந்தைங்க இங்கியா வருது? எம்பொண்ணு தெனம் டீச்சருகிட்ட திட்டு வாங்கிக்கினு வெளிய நிக்கிது. ஸ்டெல்லா மேடம்கிட்ட கேட்டா ரூல்சுன்றாங்க. யாரோட ரூல்சு?”

“எங்கடதான்” என்றேன். பொய் சொல்ல வரவில்லை. “ஒரு அதிகாரி வாறா. அவவிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் மொழிபெயர்த்துச் சொல்லுறன்.”

“கண்டிப்பா சொல்வேன். மத்தியானம் லீவு போட்டுட்டு வந்து சொல்வேன்” என்றார் கவிதா.

மூன்றாம் நாள் பெயர்ப்பலகையோடு போனது. நிதி கொடுத்த நாட்டின் கொடி வாசலில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய பலகை மழையில் உரிந்துபோயிருந்ததால் ஸ்டெல்லா மர்பி டவுனிலிருந்து ஒரு ஓவியரை வரவழைத்திருந்தார். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டார். சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. அழகாக இருந்தது. ஆனால் அது டென்மார்க்.

“நடுவில நீலக் கோடு வரவேணும்” என்றேன்.

“நீலம் தீந்துபோச்சு மேடம். இதுவும் பக்கத்து நாடுதானே, சும்மா அட்ஜஸ்ட் ஆவாதா?”

பல நூறு வருடங்களாக அந்த இரண்டு நாடுகளுக்கும் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீலம் வாங்க அந்தோணி போனார். போனவர் வழியில் யாரோ பழைய நண்பரைப் பார்த்துவிட்டு மாலையில்தான் திரும்பினார். கையில் பச்சை இருந்தது. கடைக்காரர் அதை நீலம் என்று சத்தியம் செய்தாராம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேர்கனில் வருடம் முழுக்க மழை. அதனால் மழையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்ற இறுமாப்பு எனக்கு உண்டு. மறுநாள் அது போய்விட்டது. மதிப்பீட்டாளர் மாரித் என்ற பெண். முப்பது வயதிருக்கும், மரியாதையானவள், நாள் முழுக்கத் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்திருப்பவள். இரண்டு மணிக்குத் தாய்மார் காத்திருப்பார்கள் என்பதால் மதியமே அவளை விடுதியிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டேன். ரயில் பாதைக்கு அடியில் போகும் ஒரு வழியில் இடுப்பளவு தண்ணீர். முன்னால் போன ஆட்டோ நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் எங்களை அடைத்துக்கொண்டன. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் காரோட்டி இறங்கிப் போய் மற்ற ஓட்டுநர்களோடு நின்று, ஆட்டோவை எப்படித் தள்ளுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளியவர் யாருமில்லை.

ஸ்டெல்லா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தார். “எல்லாரும் வந்துட்டாங்க அக்கா. வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க. எங்க இருக்கீங்க?” நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

நேரத்தைப் போக்க மாரித்திடம் காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த நேரப் பிரச்சினையையும் சொன்னேன். அடுத்த மூன்று வருடங்களிலாவது சரிசெய்யலாம் அல்லவா என்றேன். அவள் போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

“உங்களுக்கு இன்னும் சொல்லவில்லையா?” என்று கேட்டாள்.

“எதை?”

“அடுத்த வருடத்திலிருந்து நிதி பெறும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வசந்த காலத்திலேயே முடிவாகிவிட்டது. உங்கள் சங்கத்துக்குத் தெரிவித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.”

“அப்படியென்றால் நீ எதற்கு வந்தாய்?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “மதிப்பீட்டுக்கான பணம் இந்த வருடத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது. அறிக்கை இருந்தாக வேண்டும்.”

கார்க் கதவைத் திறந்து இறங்கினேன். கணுக்கால்வரை கறுப்புத் தண்ணீர்; நடக்க நடக்க இடுப்புவரை ஏறியது. நின்றுபோன ஆட்டோவின் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினேன். அறுபதை நெருங்கும் பெண் ஒருத்தி தள்ளுவதைப் பார்த்ததும் யோசனை சொல்லிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் வெட்கப்பட்டு ஓடிவந்தார்கள். ஆட்டோ கரையேறியது. ஒருவர் கேட்டார்: “கேரளாவா மேடம்?”

காப்பகத்தை அடைந்தபோது நாலரை. மழையில் நனைந்த செருப்புகள் வாசல் முழுக்கக் கிடந்தன. உள்ளே தாய்மார் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், தூங்கும் குழந்தைகளோடும் விழித்திருக்கும் குழந்தைகளோடும். யாரும் எழுந்து போய்விடவில்லை. மாலை வீடுகளுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாரித் தன் கேள்வித்தாளை எடுத்தாள். “இந்தத் திட்டம் உங்கள் வாழ்வில் என்ன மாற்றம் கொண்டுவந்தது?” என்று ஆரம்பித்தாள். நான் மொழிபெயர்த்தேன். கவிதா அந்தக் கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“அவங்ககிட்ட கேளுங்க மேடம். காலைல அஞ்சரைக்குத் தொறப்பாங்களா மாட்டாங்களா?”

நான் நோர்வேமொழியில் சொன்னேன். மாரித் தலையைக் குனிந்து எழுதினாள். “இதைக் குறித்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள்” என்றாள்.

அந்த ஒரு வரியை என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“குறிச்சுக்கொண்டாவாம். ஆனா அதால பிரயோசனமில்லை. அடுத்த வருசத்தில இருந்து காசு வராது. முதலே முடிவெடுத்திட்டினம். எனக்கே இப்பத்தான், வாற வழியிலதான் தெரியும்.”

ஒரு குழந்தை சிணுங்கியது. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை நான் பேர்கனுக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

“எங்கிட்ட மொதல்ல சொல்லக்கூடாதாக்கா?” என்றார் மெதுவாக. “தனியா கூப்பிட்டு?”

சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. மூலையிலிருந்து ஒரு பெண் சீறினார்: “அப்ப எதுக்கும்மா எங்கள லீவு போட வெச்சீங்க? எங்க ஓனரம்மா நாளைக்கு உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோ. நீங்க போட்டோ புடிச்சிக்கினு போறதுக்கா?” இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. மாரித் என் கையைத் தொட்டு, “என்ன சொல்கிறார்கள்?” என்றாள். “ஏன் வந்தாய் என்கிறார்கள்” என்றேன்.

கவிதா மட்டும் கோபப்படவில்லை. மகனை மடியில் ஆட்டியபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார், வகுப்பறையில் கேள்வி கேட்பது போல.

“இந்த வருசம் முடியற வரிக்கும் காசு வருமா?”

“வரும்.”

“அதுக்கப்புறம் நாங்க ஒழுங்கா இருந்தாலும் வராது. இல்லாட்டியும் வராது. அப்பிடித்தானே?”

“ஓம். அப்பிடித்தான்.”

“அப்ப நாளைலேர்ந்து அஞ்சரைக்குத் தொறந்தா இன்னா? யாரு நிறுத்தப் போறாங்க?”

ஸ்டெல்லாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை காலமாக நாங்கள் அந்த விதியைக் காப்பாற்றியது அடுத்த மூன்று வருடங்களுக்காக. அந்த மூன்று வருடங்கள் இல்லை. நான் மாரித்திடம் கேள்வியை அப்படியே சொன்னேன். அவள் பேனாவை மூடினாள்.

“நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்” என்றாள். “நான் வந்தது மாலை நாலரைக்கு. அப்போது திறந்திருந்தது. காலையில் நான் தூங்குவேன்.” கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த ஒரு நாளில் அவள் மேல் எனக்கு வந்த ஒரே நல்லெண்ணம் அதுதான்.

உடனே நாகம்மா கன்னடத்தில் பொரிந்தார். ஸ்டெல்லா எனக்கு மொழிபெயர்த்தார்: தான் வருவது ஊருக்கு வெளியிலிருந்து, முதல் பேருந்தைப் பிடித்தாலும் ஏழரைக்கு முன்னால் வர முடியாது, தன்னைக் கேட்காமல் எல்லாரும் முடிவு செய்கிறார்கள், இது என்ன நியாயம். அதுவும் உண்மைதான். சத்தம் மறுபடி ஏறியது. ஸ்டெல்லா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் இருந்த கைபேசியை, நான் பார்த்து முதல் முறையாக, கீழே வைத்தார்.

“நான் தெறக்கறேன். நாகம்மா வர்ற வரைக்கும் நான் இருக்கேன்.”

வீட்டில் அந்தோணிக்குச் செய்தி சொன்னபோது அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இவ ஏழு மணிக்கு முன்னாடி கண்ணு முழிச்சு நான் பாத்ததில்ல. அப்ப யாரு ஸ்கூட்டர் ஓட்டுவா? நான். நார்வேக்காரங்க நல்லா இருப்பீங்க.”

மறுநாள் இருட்டு விலகுமுன் அந்தோணியின் ஸ்கூட்டரில் ஸ்டெல்லா, பின்னால் ஒரு ஆட்டோவில் நான். பெயர்ப்பலகையில் டென்மார்க் கொடி ஈரத்தில் பளபளத்தது. ஸ்டெல்லா சாவியைத் துழாவினார். இரண்டு முறை தவறான சாவியைப் போட்டார். அதற்குள் தாய்மார் வந்துவிட்டார்கள். தூங்கும் குழந்தைகளைப் போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல், ஒருவர் பின் ஒருவராக. பாயில் கிடத்தினார்கள். பால் போத்தலைத் தலைமாட்டில் வைத்தார்கள். நன்றி, வணக்கம் எதுவும் இல்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. முந்தின நாள் என்னைத் திட்டிய பெண், தன் குழந்தை எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் அழும் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

இதில் எதையும் நான் வெற்றி என்று எழுதமாட்டேன். வருடம் முடிந்ததும் வாடகைக்கு என்ன செய்வது என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாஃபிள் விற்று ஒரு காப்பகம் நடத்த முடியாது. ஊருக்குப் போய்த் தலைவரிடம் நான் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ஓஸ்லோவிலிருந்து தகவல் ஏதும் வந்ததா என்பதில் தொடங்கி.

கவிதா மகனைப் படுக்கவைத்துவிட்டுப் புறப்பட்டார். அவர் பின்னாலேயே திவ்யா வந்திருந்தாள். சீருடை போட்டிருந்தாள், பின்னல்தான் இன்னும் போடவில்லை. அம்மா தெருமுனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றாள்.

“வீட்டுக்குப் போடா கண்ணு” என்றார் ஸ்டெல்லா. “தம்பிய நாங்க பாத்துக்கறோம். ஸ்கூலுக்கு இன்னும் ரொம்ப நேரம் இருக்கு.”

“வூட்டுக்குப் போயி இன்னா பண்றது?” என்று கேட்டாள் திவ்யா. குறும்புக் கேள்வியில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. தம்பியில்லாத ஒரு காலைப்பொழுது அவளுக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, தம்பியின் பாயில் இருந்த சின்ன இடத்தில் முழங்காலை மடக்கிப் படுத்தாள். ஸ்டெல்லா ஒரு போர்வையை எடுத்துப் போர்த்துவதற்குள் தூங்கிவிட்டாள்.